5 வால்வு சிற்றலை ரிசீவர்: முதல் சுவிட்சிலிருந்து டயல் சரிசெய்வது வரை

புதுக்காது:
வணக்கம் நண்பர்களே. ஹாலிகிராஃப்டர்ஸ் எஸ்-38பி ஒன்று இப்போது மேசை மேல் இருக்கிறது. வால்வுகள் 12எஸ்ஏ7, 12எஸ்கே7, 12எஸ்க்யூ7, 50எல்6, 35இசட்5. நான்கு பேண்டுகளில் 540 கிலோஹெர்ட்ஸ் முதல் 32 மெகாஹெர்ட்ஸ் வரை எடுக்கும். நீண்ட காலம் ஓடாத செட். மெழுகு பூசிய பேப்பர் கண்டன்சர்கள் எல்லாம் பழையவையே. மெயின்ஸ் ஒயரின் ரப்பர் தொட்டால் உதிர்கிறது. இன்னும் சுவிட்ச் போடவில்லை.

அலமாரியில் வைத்து அழகு பார்க்க அல்ல, 49 மீட்டரிலிருந்து 19 மீட்டர் வரையிலான சிற்றலைகளைக் கேட்கத்தான் வேண்டும். எந்த வரிசையில் வேலையைத் தொடங்குவது? கண்டன்சர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாமா? டிரிம்மர்களில், அதாவது அலைவரிசையை நுணுக்கமாகச் சரிசெய்யும் திருகு கண்டன்சர்களில், கை வைக்கலாமா?

வால்வுக்காரர்:
டிரிம்மரில் இப்போது கை வைக்கவே வேண்டாம். அது கடைசி வேலை. கண்டன்சர் கசியும் செட்டில் டிரிம்மரைத் திருகினால் பழுதுக்கு ஏற்றபடி செட்டை வளைக்கிறீர்கள். பிறகு பழுது சரியானதும் அலைன்மென்ட் (டியூன் சுற்றுகளின் ஒத்திசைவு) முழுவதும் கெட்டுப்போயிருக்கும்.

அதற்கும் முன்னால் உயிர்ப் பாதுகாப்பு. இந்தக் குடும்பத்தில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஐந்து வால்வு ஹீட்டரும் தொடரில் நின்று லைனிலேயே எரிகின்றன: 12.6 மூன்று முறை, 50, 35, கூட்டினால் ஏறத்தாழ 123 வோல்ட், 0.15 ஆம்பியர். லைனின் ஒரு பக்கம் சேசிஸ் (பாகங்கள் பொருத்திய உள் உலோகத் தட்டு) வரை வருகிறது. பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸில் முழு லைன் வோல்டேஜ் நிற்கும். வெளிப்பெட்டியைச் சேசிஸிலிருந்து பிரித்து வைப்பது ரப்பர் வளையங்களும் ஃபைபர் வாஷர்களும் மட்டுமே. அவை இத்தனை ஆண்டில் நசுங்கியோ கரைந்தோ போயிருக்கும்.

ஆகவே செய்ய வேண்டியவை: ஒயரையும் பிளக்கையும் மாற்றுங்கள். துருவப்படுத்திய பிளக் போட்டு, சுவிட்ச் உள்ள பக்கம் உயிர்க் கம்பி வரும்படி இணையுங்கள். ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் புதிதாக்குங்கள். பிறகு பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, செட்டின் சுவிட்ச் ஆன் நிலையில், ஒவ்வொரு முள்ளிலிருந்தும் வெளிப்பெட்டிக்கு மல்டிமீட்டர் வையுங்கள். பல மெகா ஓம் காட்ட வேண்டும். கிலோ ஓமில் ஏதாவது காட்டினால் காரணம் தெரியும் வரை மின்சாரம் கொடுக்காதீர்கள்.

ஐஎஃப்455:
ஒன்று சேர்க்கிறேன். இது 120 வோல்ட் செட். உங்கள் லைன் 230 வோல்ட் என்றால் இறக்கு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஆனால் விற்கப்படும் இறக்கு டிரான்ஸ்ஃபார்மர்களில் மிகப் பல ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள். ஒரே காயிலில் நடுவே எடுத்த இணைப்பு, அவ்வளவுதான். வோல்டேஜைக் குறைக்கும், லைனிலிருந்து பிரிக்காது. பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே ஓம் மீட்டர் வைத்துப் பாருங்கள். தொடர்பு காட்டினால் அது இந்த வேலைக்கு ஆகாது. தனித்தனிக் காயில் உள்ள, 100 விஏ அளவுள்ள ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போதும். அதன் செகண்டரியில் எந்த முனையையும் எர்த்தில் கட்டக்கூடாது. கட்டினால் பிரித்து வைத்த பயனே போய்விடும்.

நீளக்கம்பி:
செகண்டரி பக்கம் தொடரில் ஒரு 60 வாட் இழை பல்பு போடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழைதான் வேண்டும். செட் எடுப்பது சுமார் 30 வாட். சுவிட்ச் போட்டதும் பல்பு சற்று ஒளிர்ந்து, ஹீட்டர்கள் சூடேறியதும் மங்கினால் நல்ல அறிகுறி. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட். மங்கிய பல்பு மீண்டும் பிரகாசமாகிக்கொண்டே போனால் ஃபில்டர் கண்டன்சர் (டிசியைச் சீராக்கும் எலக்ட்ரோலிட்டிக்) கசிகிறது.

மின்சாரம் கொடுக்கும் முன்பே ஹீட்டர் வரிசையையும் பார்த்துவிடலாம். பிளக்கின் இரு முட்களுக்கு இடையே, குளிர்ந்த நிலையில், 100 முதல் 150 ஓம் வரை வரும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஏதோ ஒரு ஹீட்டர் அறுந்திருக்கிறது. 35இசட்5-ஐ முதலில் பாருங்கள்.

புதுக்காது:
ஏன் 35இசட்5 முதலில்? மேலும் வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து மெல்ல மெல்ல வோல்டேஜ் ஏற்றினால் பழைய எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள் தேறிவிடும் என்று சொல்கிறார்களே, அது சரியா?

வால்வுக்காரர்:
35இசட்5-இன் ஹீட்டரில் நடுவே ஓர் இணைப்பு உண்டு. டயல் பல்பு அந்தச் சிறு பகுதிக்கு இணையாக நிற்கிறது. வால்வின் பிளேட் (எலக்ட்ரானை வாங்கும் தகடு) மின்னோட்டமும் அந்த வழியாகத்தான் போகிறது. டயல் பல்பு எரிந்துபோனால் அதன் பங்கையும் ஹீட்டரின் அந்தத் துண்டே சுமக்க வேண்டும், நாளடைவில் அதுவும் அறுந்துவிடும். ஆகவே டயல் பல்பு போனால் உடனே மாற்றுங்கள். 47ஆம் எண் பல்பு, 6.3 வோல்ட், 0.15 ஆம்பியர். கைக்குக் கிடைத்த வேறு பல்பைப் போடாதீர்கள்.

வேரியாக் விஷயம்: ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்குவது) அரைக்கடத்தி டயோடாக உள்ள செட்டில் அது வேலை செய்யும். இங்கே ரெக்டிஃபையரே வால்வு, 35இசட்5. ஹீட்டர் பாதி வோல்டேஜில் இருக்கும்போது அது அநேகமாக எலக்ட்ரானே விடாது, கண்டன்சருக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஹீட்டர் சூடாகும் கட்டத்தில் திடீரென முழு வோல்டேஜ் போய் இறங்கும். மெல்ல ஏற்றியதாக நாம்தான் நினைத்துக்கொண்டிருப்போம். எலக்ட்ரோலிட்டிக்கை உண்மையிலேயே தேற்ற வேண்டுமானால் செட்டிலிருந்து கழற்றி, தனி டிசி சப்ளையில் 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஏற்றிப் பார்க்க வேண்டும். அவ்வளவு பாடுபடுவதற்குப் புதிதே போட்டுவிடலாம்.

ஃபில்டருக்குப் பழைய மதிப்பை ஒட்டியே எடுங்கள். 250 வோல்ட் தாங்கும் வகை நல்லது. 120 வோல்ட் ஏசியின் உச்சமே 170 வோல்ட். முதல் ஃபில்டரை 100 மைக்ரோஃபாரட் என்று ஏற்றினால் ஹம் (ஸ்பீக்கரில் வரும் மின்சார ரீங்காரம்) குறையும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் 35இசட்5 தரும் உச்ச மின்னோட்டம் எகிறும், அதன் கேத்தோடு (எலக்ட்ரான் விடும் முனை) சீக்கிரம் தேயும். ஹம் போக வேண்டுமானால் இரண்டாவது கண்டன்சரை ஏற்றுங்கள், முதலாவதை அல்ல.

பச்சைக்கண்:
எல்லாக் கண்டன்சரையும் மாற்று என்ற பேச்சு வருமுன் என் கருத்தையும் வைக்கிறேன். இது சேகரிப்பில் இருக்கப்போகும் பொருள். சேசிஸின் அடியில் மஞ்சள் பிளாஸ்டிக் கண்டன்சர்களாக நிறைந்தால் அதன் காலம் அழிந்துவிடுகிறது. அளந்து பார்த்து, கெட்டதை மட்டும் மாற்றுவதே முறை. மைக்காவும் செராமிக்கும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், அவற்றைத் தொடவே வேண்டாம்.

வால்வுக்காரர்:
மைக்கா, செராமிக் பற்றி உங்களோடு முழு உடன்பாடு. பேப்பர் கண்டன்சரில் மட்டும் இல்லை. மல்டிமீட்டரின் 9 வோல்ட்டில் அளந்தால் அது நல்லதாகத்தான் தெரியும், 100 வோல்ட் ஏறியதும் கசியும். பேப்பர் ஈரம் இழுப்பது வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் நடக்கும் காரியம். அதனால் பயன்படுத்தாமல் அலமாரியில் கிடந்த பழைய சரக்கும் அதே நிலைதான்.

எண்ணில் சொல்கிறேன். 12எஸ்க்யூ7 பிளேட்டிலிருந்து 50எல்6 கிரிட்டுக்கு (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலைக்கு) ஒரு கப்ளிங் கண்டன்சர் போகிறது. பிளேட்டில் 55 வோல்ட், கிரிட்டில் 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டன்சரின் கசிவு 10 மெகா ஓம் அளவுக்கு இருந்தாலே கிரிட்டில் ஏறத்தாழ 2.5 வோல்ட் பாசிட்டிவ் வந்துவிடும். 50எல்6 வேலை செய்வது சுமார் 7.5 வோல்ட் பயாஸில், அதாவது கிரிட் அவ்வளவு நெகட்டிவாக நிற்கும்போது. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வால்வு சூடேறும், ஒலி கரகரக்கும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் மெல்லிய காயில் எரியும். அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்றுத் தேடுவது கண்டன்சருக்குத் தேடுவது போல எளிதல்ல.

சோதிக்கும் வழி: கண்டன்சரின் கிரிட் பக்கக் காலை மட்டும் கழற்றி, செட்டை ஓடவிட்டு, அந்தக் காலுக்கும் பி மைனஸுக்கும் (டிசி சப்ளையின் நெகட்டிவ் கோடு) இடையே டிஜிட்டல் மீட்டரை டிசியில் வையுங்கள். பூஜ்யம் வர வேண்டும். அரை வோல்ட் காட்டினாலும் கண்டன்சரைத் தூக்கிப் போடுங்கள்.

பச்சைக்கண்:
கணக்கை ஏற்கிறேன். அப்படியானால் பழைய உறைக்குள் புதியதைப் பொதிந்துவிடலாம். பேப்பர் கண்டன்சரை மெல்லச் சூடாக்கினால் மெழுகு இளகி உள்ளிருக்கும் சுருள் வெளியே வந்துவிடும். வெற்று அட்டைக் குழலுக்குள் 630 வோல்ட் ஃபிலிம் கண்டன்சரை வைத்து, இரு முனையும் மெழுகால் அடைத்தால் வெளித்தோற்றம் மாறாது. பழைய கண்டன்சரில் உள்ள கறுப்புக் கோடு துருவத்தைக் குறிப்பதல்ல, வெளிச்சுற்று ஃபாயிலைக் குறிப்பது. அந்தப் பக்கம் சேசிஸ் அல்லது குறைந்த இம்பீடன்ஸ் உள்ள பக்கத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஹம் சேரும்.

ஐஎஃப்455:
இருவர் சொன்னதும் சேர்ந்தால் சரியான வழி வந்துவிடுகிறது. ஒரு முக்கிய விலக்கு: லைனுக்குக் குறுக்கே உள்ள கண்டன்சருக்குச் சாதாரண ஃபிலிம் போடாதீர்கள், எக்ஸ்2 வகை போடுங்கள். லைன் பக்கத்திலிருந்து வெளிப்பெட்டிக்கோ ஏரியல், எர்த் முனைகளுக்கோ போவது எதுவானாலும் ஒய்2 வகை. எக்ஸ் வகை கெட்டால் ஷார்ட் ஆகலாம், ஃப்யூஸ் போகும். ஒய் வகை ஷார்ட் ஆகாதபடி கட்டப்பட்டது, ஏனென்றால் அந்த இடத்தில் ஷார்ட் என்றால் உங்கள் கை. இதில் அழகு, அசல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். இரண்டு மூன்று மாற்றியதும் செட்டை ஓடவிட்டுப் பாருங்கள். பன்னிரண்டையும் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டினால், ஓர் இணைப்புத் தவறினாலும் எங்கே தவறு என்று தேட ஒரு நாள் போய்விடும். கூடவே ரெசிஸ்டர்களையும் அளந்துவிடுங்கள். பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் மதிப்பில் ஏறிக்கொண்டே போகும். 20 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் மாற்றலாம். ஸ்க்ரீன் கிரிட்டுக்குப் போகும் ரெசிஸ்டர் ஏறியிருந்தால் செட் ஓடும், ஆனால் உயிரில்லாமல் ஓடும்.

புதுக்காது:
நன்றி. ஒயர், ரப்பர் வளையங்கள், ஃபில்டர், பேப்பர் கண்டன்சர்கள் முடிந்தன. 50எல்6 கேத்தோடில் 7.4 வோல்ட். ஹம் இல்லை. மத்திய அலை நன்றாக வருகிறது. இரண்டாவது பேண்டும் சரி. மூன்றாவது பேண்டில் 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் சத்தமே இல்லை, நான்காவது பேண்ட் முழுவதும் இல்லை. ஏரியல் தொட்டால் லேசான இரைச்சல் மட்டும். இடையிடையே மின்னல் வெட்டுவது போன்ற படபடப்பும் இருக்கிறது, ஏரியலைக் கழற்றினாலும் அது நிற்கவில்லை.

ஐஎஃப்455:
இரண்டும் வேறு வேறு நோய்.

முதலாவது, ஆசிலேட்டர் (செட்டுக்குள்ளேயே அலை உண்டாக்கும் சுற்று) உயர் அலைவரிசையில் நின்றுபோகிறது. 12எஸ்ஏ7-இன் முதல் கிரிட்டில் சுமார் 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். ஆசிலேட்டர் ஓடினால் அந்தக் கிரிட்டில் நெகட்டிவ் வோல்டேஜ் தோன்றும், 5 முதல் 10 வோல்ட் வரை. மீட்டர் முனையை நேரடியாக வைத்தால் அதன் ஒயரே ஆசிலேட்டரை நிறுத்திவிடும். முனையில் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்து அதன் வழியாகத் தொடுங்கள். டயலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பிக்கொண்டே பாருங்கள். 10 மெகாஹெர்ட்ஸ் அருகே வோல்டேஜ் பூஜ்யத்துக்கு விழுந்தால் ஐயமே இல்லை.

மீட்டர் இல்லாமலும் பார்க்கலாம். பக்கத்தில் டிஜிட்டல் சிற்றலை ரேடியோ ஒன்றை வைத்து, உங்கள் டயல் காட்டுவதற்கு 455 கிலோஹெர்ட்ஸ் (இந்தச் செட்டின் ஐஎஃப், அதாவது இடைநிலை அலைவரிசை) மேலே தேடுங்கள். டயல் 9.5 மெகாஹெர்ட்ஸ் என்றால் 9.955-இல் இரைச்சல் அடங்கி ஒரு கேரியர் நிற்க வேண்டும்.

காரணங்களைச் சோதிக்கும் வரிசை: பேண்ட் சுவிட்ச் அழுக்கு, தளர்ந்த 12எஸ்ஏ7, ஸ்க்ரீன் வோல்டேஜ் குறைவு. வால்வு டெஸ்டரில் நல்லது என்று காட்டும் 12எஸ்ஏ7 கூட 20 மெகாஹெர்ட்ஸில் ஓடாமல் போகலாம், ஏனெனில் டெஸ்டர் எமிஷனை (எலக்ட்ரான் விடும் அளவை) மட்டும் பார்க்கிறது, ஆசிலேட்டராக ஓடுமா என்று பார்ப்பதில்லை. வேறொரு வால்வு போட்டுப் பார்ப்பதுதான் சோதனை.

நீளக்கம்பி:
பேண்ட் சுவிட்சுக்கு: கான்டாக்ட் கிளீனரைப் பஞ்சுக் குச்சியில் நனைத்து, தொடுமுனைகளில் மட்டும் தடவி, சுவிட்சை இருபது முப்பது முறை திருப்புங்கள். ஸ்ப்ரேயைக் கொட்டாதீர்கள். வட்டத் தகடு ஃபீனாலிக் அட்டை, எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு கசியத் தொடங்கும். துரு நீக்கும் ஸ்ப்ரேக்களை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. கேங் கண்டன்சரின் (டயலோடு சுழலும் டியூனிங் கண்டன்சர்) நடுத்தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் சிறு பித்தளைத் தகடுகளை மறக்காதீர்கள். அதில் அழுக்கு இருந்தால் டயலைத் திருப்பும்போது நிலையம் குதித்துக் குதித்து வரும். அலைன்மென்ட் கெட்டது என்று நினைக்கும் பல செட்களில் உண்மைக் குற்றவாளி அந்தத் தகடுதான்.

வால்வுக்காரர்:
படபடப்புக்கு ஐஎஃப் டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தேகியுங்கள். சில ஐஎஃப் கேன்களின் (அந்த டிரான்ஸ்ஃபார்மரை மூடிய உலோகக் கூடு) அடியில் தனிக் கண்டன்சர் இருக்காது. ஒரே மைக்காத் தகட்டில் வெள்ளி பூசி, இரு கண்டன்சரையும் அதிலேயே செய்திருப்பார்கள். டிசி வோல்டேஜும் ஈரமும் சேரும்போது வெள்ளி மெல்ல நகர்ந்து பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே பாலம் போடும். அது பொறி விட்டு எரிவதும் மீண்டும் வளர்வதும்தான் நீங்கள் கேட்கும் மின்னல் ஓசை. மழைக்காலத்தில் அதிகமாகும்.

உறுதி செய்ய: 12எஸ்க்யூ7-ஐக் கழற்றிச் சோதிக்க முடியாது, தொடர் ஹீட்டர் என்பதால் எல்லாமே அணைந்துவிடும். ஐஎஃப் வால்வான 12எஸ்கே7-இன் கிரிட்டை 0.1 மைக்ரோஃபாரட் வழியாகப் பி மைனஸுக்கு ஷார்ட் செய்யுங்கள். படபடப்பு நின்றால் முதல் ஐஎஃப் கேன். நிற்காவிட்டால் இரண்டாவது, அல்லது அதற்குப் பின்னால்.

மருந்து: கேனைக் கழற்றி, மைக்காத் தகட்டை எடுத்துவிட்டு, காயிலின் இரு முனைகளுக்கு வெளியே தனித்தனி சில்வர் மைக்கா அல்லது என்பி0 செராமிக் கண்டன்சர் போடுங்கள். பல கேன்களில் 100 பிகோஃபாரட்டை ஒட்டிய மதிப்பில் 455 கிலோஹெர்ட்ஸ் வந்துவிடும். வராவிட்டால் ஸ்லக் (காயிலுக்குள் திருகும் ஃபெரைட் துண்டு) எந்தப் பக்கம் முட்டுகிறது என்று பார்த்து 10, 20 பிகோஃபாரட் கூட்டிக் குறைக்கவும். காயில் கம்பி தலைமுடியை விட மெல்லியது. பற்றவைக்கும்போது இழுத்துவிடாதீர்கள்.

புதுக்காது:
12எஸ்ஏ7 மாற்றியதும் நான்காவது பேண்ட் உயிர் பெற்றது. முதல் ஐஎஃப் கேனில்தான் படபடப்பு, கண்டன்சர் மாற்றியாயிற்று. இப்போது அலைன்மென்ட் தவிர வேறு வழியில்லை. படிப்படியாகச் சொல்ல முடியுமா? பழைய டயல் 15 மெகாஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 300 கிலோஹெர்ட்ஸ் தள்ளிக் காட்டுகிறது.

ஐஎஃப்455:
சொல்கிறேன். செட்டை அரை மணி நேரம் ஓடவிட்டு, சூடு நிலைத்த பிறகு தொடங்குங்கள். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம், ஏனென்றால் சிக்னல் ஜெனரேட்டரின் எர்த் சேசிஸைத் தொடப்போகிறது. பிளாஸ்டிக் திருப்புளி மட்டும். இரும்பு முனை காயிலின் மதிப்பையே மாற்றும், ஃபெரைட் ஸ்லக்கையும் உடைக்கும். ஸ்லக் இறுகியிருந்தால் பலம் காட்டாமல், கேனை வெந்நீர்ச் சூட்டளவுக்கு இளஞ்சூடாக்கினால் மெழுகு விடும்.

முதலில் ஐஎஃப். ஜெனரேட்டரை 455 கிலோஹெர்ட்ஸ், 30 சதவீத மாடுலேஷனில் வைத்து, 0.01 மைக்ரோஃபாரட் வழியாக 12எஸ்ஏ7-இன் சிக்னல் கிரிட்டில் கொடுங்கள். மீட்டரை ஏவிசி (சிக்னல் வலிமைக்கேற்பத் தானே பெருக்கத்தைச் சீராக்கும் சுற்று) கோட்டில் டிசியில் வைத்து அளக்கலாம், அல்லது ஸ்பீக்கருக்குக் குறுக்கே ஏசியில் அளக்கலாம். ஸ்பீக்கரில் அளந்தால் ஜெனரேட்டரின் அளவை மிகக் குறைவாக வையுங்கள். சிக்னல் கூடினால் ஏவிசி உச்சத்தைத் தட்டையாக்கிவிடும், எது உச்சம் என்றே தெரியாது. கடைசி ஐஎஃப்பிலிருந்து முன்னோக்கி வாருங்கள், இரண்டு சுற்று.

அடுத்து ஆசிலேட்டர். ஒவ்வொரு பேண்டிலும் டயலின் மேல்முனையில் டிரிம்மர், கீழ்முனையில் பேடர் (தொடரில் நிற்கும் கண்டன்சர்) அல்லது ஸ்லக். ஒன்றைத் திருப்பினால் மற்றது நகரும், அதனால் இரண்டும் அசையாமல் நிற்கும் வரை மாறி மாறிச் செய்ய வேண்டும். சில பேண்டுகளில் பேடர் நிலையான மதிப்பாகவே இருக்கும். அங்கே மேல்முனையை மட்டும் சரிசெய்து, கீழ்முனையில் வரும் சிறு பிழையை ஏற்றுக்கொள்ளுங்கள். அதைத் திருத்தக் காயில் சுற்றுகளைப் பிரிக்கத் தொடங்கினால் முடிவே கிடையாது.

இனிப் பலர் சறுக்கும் இடம். உயர் பேண்டில் ஆசிலேட்டர் டிரிம்மரைத் திருப்பினால் இரண்டு இடங்களில் சிக்னல் வரும். ஜெனரேட்டர் 18 மெகாஹெர்ட்ஸ் என்றால், ஆசிலேட்டர் 18.455-இல் இருந்தாலும் 455 கிடைக்கும், 17.545-இல் இருந்தாலும் கிடைக்கும். இந்தச் செட்டுக்கு வேண்டியது மேலே உள்ளது, அதாவது டிரிம்மர் குறைவாக மூடிய நிலை. சரிபார்க்க, டயலைத் தொடாமல் ஜெனரேட்டரை 18.91-க்கு உயர்த்துங்கள். அங்கே சற்று மெலிந்து அதே சிக்னல் வந்தால் சரி, அதுதான் இமேஜ், அதாவது ஆசிலேட்டரின் மறுபக்கத்துப் பிம்பம். 18.91-இல் ஒன்றும் இல்லாமல் 17.09-இல் வந்தால் தவறான பக்கத்தில் பூட்டியிருக்கிறீர்கள்.

கடைசியாக ஏரியல் டிரிம்மர். அதை உச்சத்துக்குக் கொண்டுவரும்போது கேங்கை லேசாக இங்கும் அங்கும் அசைத்துக்கொண்டே திருப்புங்கள். உயர் பேண்டில் ஏரியல் டிரிம்மர் ஆசிலேட்டரையும் கொஞ்சம் இழுக்கும்.

பச்சைக்கண்:
இமேஜ் பற்றி ஒரு எதிர்பார்ப்பையும் சரிசெய்ய வேண்டும். இந்தச் செட்டில் ஆர்எஃப் நிலை (ஏரியல் சிக்னலை முதலில் பெருக்கும் வால்வு) இல்லை. கன்வெர்ட்டருக்கு (12எஸ்ஏ7) முன் ஒரே ஒரு டியூன் சுற்று. 20 மெகாஹெர்ட்ஸில் 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருப்பதை அந்த ஒரு சுற்றால் தடுக்க முடியாது. 10 மெகாஹெர்ட்ஸ் நேரக் குறிப்பு நிலையம் டயலில் 9.09-இலும் கேட்டால் அது பழுதல்ல, இந்த அமைப்பின் இயல்பு. அதை விலக்க ஆர்எஃப் நிலைகள் உள்ள ரிசீவர் வேண்டும். 1935-இல் வந்த நேஷனல் ஹெச்ஆர்ஓ ரிசீவர் அதனால்தான் இன்றும் மதிக்கப்படுகிறது. அதில் பேண்ட் சுவிட்சே கிடையாது, காயில் பெட்டியைச் செருகி மாற்ற வேண்டும், ஐஎஃப் 456 கிலோஹெர்ட்ஸ். வாங்குவதானால் காயில் பெட்டிகளும் தனிப் பவர் சப்ளையும் கூட வருகின்றனவா என்று முதலில் பாருங்கள். அவை இல்லாத ஹெச்ஆர்ஓ வெறும் இரும்பு.

நான்காம்பேண்ட்:
எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சு) எப்படிக் கேட்பது? பிஎஃப்ஓ (சிக்னலோடு கலக்கும் துணை ஆசிலேட்டர்) போட்டால் வாத்துச் சத்தம்தான் வருகிறது.

வால்வுக்காரர்:
5 வால்வு எஸ்-38-இல் பிஎஃப்ஓவுக்குத் தனி வால்வு இல்லை. ஐஎஃப் வால்வையே லேசாக ஆசிலேட் ஆகவைத்து வேலையை முடிக்கிறார்கள். மோர்ஸ் கேட்க அது போதும், எஸ்எஸ்பிக்கு இடறும். வலுவான சிக்னல் வந்தால் அந்த அலைவை அதுவே இழுத்துக்கொள்ளும். சிறிய ஏரியல் போட்டுச் சிக்னலைக் குறைத்தால் ஓரளவு பேச்சு புரியும்.

தனி பிஎஃப்ஓ உள்ள ரிசீவர்களில் வழி வேறு: ஏவிசியை நிறுத்துங்கள், ஆடியோவை முழுதாக ஏற்றுங்கள், ஆர்எஃப் கெயினை மிகக் கீழே இறக்குங்கள். டயோடு டிடெக்டருக்குச் சிக்னலைவிட பிஎஃப்ஓ பல மடங்கு பெரிதாக இருந்தால்தான் குரல் சரியாகப் பிரியும். பிஎஃப்ஓவை ஐஎஃப் நடுவிலிருந்து சுமார் 1.5 கிலோஹெர்ட்ஸ் ஒரு பக்கம் தள்ளி வைத்து, பிறகு டயலால் மட்டும் குரலைத் தேடுங்கள்.

நீளக்கம்பி:
ஏரியல் பற்றி யாரும் பேசவில்லை. நன்றாகச் செய்த செட்டும் கெட்ட ஏரியலில் ஊமைதான். வால்வு செட்டின் உள்ளீடு 300, 400 ஓம் அளவில் இருப்பதால் 10 முதல் 20 மீட்டர் கம்பியை நேரடியாகக் கட்டலாம். ஆனால் இன்றைய வீட்டுக்குள் நேரடிக் கம்பி என்றால் எல்இடி பல்பு, சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர் எல்லாவற்றின் இரைச்சலையும் வீட்டுக்குள்ளேயே அள்ளிக்கொள்ளும். கம்பி வீட்டை விட்டு விலகித் தொடங்கட்டும், அங்கிருந்து கோஆக்ஸில் (உலோக உறையிட்ட கேபிள்) உள்ளே வரட்டும்.

கம்பி முனையில் 9:1 டிரான்ஸ்ஃபார்மர்: வெளிவிட்டம் 1.4 அங்குலமுள்ள 43ஆம் எண் ஃபெரைட் வளையம், கோஆக்ஸ் பக்கம் 5 சுற்று, கம்பி பக்கம் 15 சுற்று, இரண்டும் தனித்தனிக் காயில். 15 சுற்றின் மறுமுனை அங்கேயே தரையில் அடித்த எர்த் கம்பிக்கு. கோஆக்ஸின் உறையை அதோடு சேர்க்காதீர்கள், சேர்த்தால் வீட்டு இரைச்சல் உறை வழியாகவே ஏரியலுக்குப் போய்விடும். செட் பக்கம் இன்னொரு 5:15 போட்டு மீண்டும் உயர் இம்பீடன்ஸுக்கு மாற்றினால், இந்த வகைச் செட்டில் ஏரியலுக்கும் லைனுக்கும் நடுவே கூடுதல் பிரிப்பும் கிடைக்கிறது.

கம்பிக்கும் எர்த்துக்கும் குறுக்கே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்தால் காற்றில் சேரும் நிலைமின்சாரம் வடிந்துவிடும். இடி நேரத்தில் அதை நம்பாதீர்கள், கம்பியைக் கழற்றி வெளியே விடுங்கள்.

இரைச்சல் எங்கிருந்து என்று தெரிய, வீட்டு மெயினை அணைத்துவிட்டு பேட்டரி ரேடியோவில் கேளுங்கள். அடங்கினால் உங்கள் வீட்டுப் பொருள்தான். ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். கண்டுபிடித்ததும் அதன் ஒயரை 31ஆம் எண் ஃபெரைட் வளையத்தில் 10, 12 சுற்றுச் சுற்றுங்கள். ஒரு முறை மட்டும் நுழைத்தால் பலன் மிகக் குறைவு. சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் இண்டக்டன்ஸ் ஏறும்.

நான்காம்பேண்ட்:
இதே இழையில் கேட்டுவிடுகிறேன். ஜெனித் டிரான்ஸ்-ஓஷியானிக் ஹெச்500 வால்வு ரேடியோவுக்கும் இதே முறையா?

வால்வுக்காரர்:
கண்டன்சர் வேலை அதேதான், ஆனால் ஃபிலமெண்ட் விஷயத்தில் பன்மடங்கு கவனம் வேண்டும். 1யூ4 இரண்டு, 1எல்6, 1யூ5, 3வி4, எல்லாம் பேட்டரி வால்வுகள், தொடரில் எரிகின்றன. மெயின்ஸில் ஓடும்போது செலினியம் ரெக்டிஃபையர் வழியாக ரெசிஸ்டரில் இறக்கி ஃபிலமெண்ட்டுக்குக் கொடுக்கிறார்கள். பழைய செலினியத்தைக் கழற்றிவிட்டு 1என்4007 டயோடு போட்டால், அதில் வோல்டேஜ் இழப்பு மிகக் குறைவு என்பதால் ஃபிலமெண்ட்டுக்கு ஏறிவிடும். கூடவே தொடர் ரெசிஸ்டர் ஒன்று சேர்த்து, ஒவ்வொரு வால்விலும் 1.3 முதல் 1.4 வோல்ட் (3வி4-இல் மட்டும் அதன் இரு மடங்கு) வருமாறு அளந்து நிறுத்துங்கள். செலினியத்தை விட்டு வைப்பதும் சரியல்ல, எரிந்தால் வரும் புகை நச்சு.

செட் ஓடும்போது ஒரு வால்வையும் பிடுங்காதீர்கள். தொடர் அறுந்ததும் ஃபிலமெண்ட் ஃபில்டர் கண்டன்சர் உயர் வோல்டேஜுக்கு ஏறி நிற்கும். வால்வை மீண்டும் செருகிய நொடியில் அது ஃபிலமெண்ட் வழியாக இறங்கும். அப்படிப் போகும் 1எல்6-க்கு மாற்று எளிதில் கிடைக்காது. 1யூ6 கிடைத்தால் போடலாம், ஆனால் அது எடுப்பது 25 மில்லி ஆம்பியர், மற்றவை 50. ஆகவே ஃபிலமெண்ட்டுக்குக் குறுக்கே 56 ஓம் வைத்து மிச்ச 25-ஐக் கடத்த வேண்டும். 1ஆர்5 நேரடி மாற்று அல்ல.

பச்சைக்கண்:
பெரிய ரிசீவர்களுக்குப் போகிறவர்கள் கவனிக்க: ஆர்-390ஏ ராணுவ ரிசீவர் வாங்கினால் மின்சாரம் கொடுக்கும் முன்பே சி553-ஐ மாற்றுங்கள். 0.01 மைக்ரோஃபாரட் கண்டன்சர் அது. கசிந்தால் உயர் டிசி வோல்டேஜ் மெக்கானிக்கல் ஃபில்டரின் காயிலுக்குள் போய் அதை எரித்துவிடும். 600 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் ஃபிலிம் போடுங்கள். பழைய ராணுவ ரிசீவர்களின் மீட்டர் முகத்தில் ரேடியம் பூச்சு இருக்கக்கூடும், அந்த மீட்டரைத் திறக்க வேண்டாம்.

ஆரம்பகால ஜெர்மேனியம் டிரான்ஸிஸ்டர் செட்களில் ஏஎஃப்114 முதல் ஏஎஃப்117 வரை இருந்தால், செட் ஊமையாக இருப்பதற்கு முதல் காரணம் அவையே. உறைக்குள் தகர முடிகள் வளர்ந்து கால்களை உறையோடு ஷார்ட் செய்கின்றன. நான்கு கால்களில் ஒன்று உறைக்கானது, அதை வெட்டிவிட்டால் பல நேரம் உயிர் வரும்.

நான்காம்பேண்ட்:
யாசு (Yaesu) நிறுவனத்தின் எஃப்ஆர்ஜி-7 பழைய அனலாக் செட்தான், ஆனாலும் அதில் அலைவரிசை நகராமல் நிற்கிறதே, எப்படி?

ஐஎஃப்455:
வாட்லி லூப். தென்னாப்பிரிக்கப் பொறியாளர் டிரெவர் வாட்லியின் அமைப்பு, ராக்கால் ஆர்ஏ-17 ரிசீவரிலும் இதுவே. எஃப்ஆர்ஜி-7-இல் 9.5 மெகாஹெர்ட்ஸ் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆசிலேட்டர் 64.5 மெகாஹெர்ட்ஸ். முதல் ஐஎஃப் 64.5 கழித்தல் 9.5, அதாவது 55.0. இன்னொரு பக்கம் அதே ஆசிலேட்டரை 1 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலின் 12ஆவது ஹார்மோனிக்கோடு கலந்து 52.5 எடுக்கிறார்கள். 55.0 கழித்தல் 52.5, இரண்டாம் ஐஎஃப் 2.5. ஆசிலேட்டர் 5 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தால் 55.005 ஆகும், 52.505 ஆகும், வித்தியாசம் அதே 2.5. நகர்வு தன்னைத்தானே அடித்துக்கொள்கிறது. மிச்சமிருப்பது கிலோஹெர்ட்ஸ் டயலின் ஆசிலேட்டர் நகர்வு மட்டுமே. லாக் விளக்கு அணையாவிட்டால் மெகாஹெர்ட்ஸ் வளையத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள். எந்த இடத்திலும் அணையாவிட்டால் 52.5 ஃபில்டர் பக்கம் தேட வேண்டும்.

புதுக்காது:
அலைன்மென்ட் முடிந்தது. 18.91-இல் இமேஜ் வருகிறது, ஆகவே சரியான பக்கம். 19 மீட்டர் தெளிவாக இருக்கிறது. ஒரு கேள்விதான் பாக்கி. ஜெனரேட்டரின் டயலையே எவ்வளவு நம்பலாம்? அதைச் சரிபார்க்க வழி உண்டா?

நீளக்கம்பி:
பழைய ஜெனரேட்டர் டயலை நம்ப வேண்டாம். நேரக் குறிப்பு நிலையங்கள் இருக்கின்றன. டபிள்யூடபிள்யூவி 2.5, 5, 10, 15, 20 மெகாஹெர்ட்ஸில், டபிள்யூடபிள்யூவிஹெச் மற்றும் பிபிஎம் 2.5, 5, 10, 15-இல். பகலில் 15, இரவில் 5 எளிதாகக் கிடைக்கும். அந்த நேரத்தில் எதுவும் வராவிட்டால் 1 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் ஆசிலேட்டர் மாட்யூல் ஒன்றை 5 வோல்ட்டில் ஓட்டி, அதன் வெளியீட்டில் ஒரு ஜாண் ஒயரைக் கட்டி ஏரியல் முனை அருகே வையுங்கள். ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸிலும் ஒரு கேரியர் நிற்கும். 2, 4, 6 போன்றவை சற்று மெலிவாக இருக்கும், சதுர அலை என்பதால். பிஎஃப்ஓ போட்டால் ஊளை கேட்கும். எந்த மெகாஹெர்ட்ஸ் என்ற குழப்பம் வந்தால், தெரிந்த நிலையம் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே போங்கள், 910 கிலோஹெர்ட்ஸ் கீழே வரும் இமேஜ் ஊளைகளை எண்ணிக்கையில் சேர்க்காமல்.